போர்வையின் நேர்ப்பக்கம்

இந்த ஊரில் போர்வையைச் சுவரில் மாட்டுகிறார்கள். நான் இருப்பது வின்னிபெக்கில். கனடாவிலேயே குளிருக்குப் பேர் போன ஊர். தை மாதத்தில் வெளியே போய் மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊரில் மனுஷன் மேல் கிடக்க வேண்டிய போர்வையைச் சுவருக்குப் போர்த்தி அழகு பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டு டோரத்தியின் கூடத்தில் முதல் தடவை அதைப் பார்த்தபோது, துவைத்துக் காயப் போட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஈரம் இருக்கிறதா என்று ஓரத்தைப் பிடித்துப் பிசைந்தும் பார்த்தேன். எழுபதைத் தாண்டிய அந்த அம்மாள் கை படக்கூடாது என்று ஓடி வந்தார். அவருடைய மாமியார் தைத்ததாம். ஒருநாளும் யாரும் போர்த்திக்கொண்டதில்லையாம். அதைப் பெருமையாக வேறு சொன்னார். போர்த்திக்கொள்ளாத போர்வையில் என்ன பெருமை என்று கேட்க என் ஆங்கிலத்துக்குத் துப்பில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு போர்வை இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அழகாக எழுத எனக்கு வராது. நான் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன். வெளியிலும் குளிர், வேலையிலும் குளிர். ஊரில் இருக்கிறவர்களும் இதைப் படிக்க வேண்டும், என்னைப் போலப் பெட்டி கட்டிக்கொண்டு வந்தவர்களும் படிக்க வேண்டும். இரண்டு பேரும் திட்டினால் பரவாயில்லை.

வேதாரண்யத்துக்கு மேற்கே, காவிரித் தண்ணீர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்கிற கடைமடையில் எங்கள் ஊர். என் அக்கா அஞ்சலை அதே ஊரில்தான் வாழ்க்கைப்பட்டாள். கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. அந்தப் பெரிய புயல் அடித்தபோது நான் இங்கே வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஊர்த் தென்னையெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்ததைப் போனில் பார்த்தேன். அக்கா வீட்டுக் கூரை போய்விட்டது. பல நாள் அவளோடு பேச முடியவில்லை. இங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கூடி, என்ன செய்யலாம் என்று பேசினோம். துணி சேகரித்து அனுப்புவோம் என்று முடிவானது. இந்த ஊரில் எவன் வீட்டு அலமாரியில் என்ன பழைய துணி இருக்கும்? குளிர்காலக் கோட்டு. கம்பளி. பஞ்சு அடைத்த நைலான் கோட்டு. அதைத்தான் மடித்து மடித்துப் பெட்டியில் அடைத்தோம். உப்புக் காற்றிலும் புழுக்கத்திலும் இதை எவள் போடுவாள் என்று அந்தக் கூட்டத்தில் கேட்டிருக்க வேண்டிய ஒரே ஆள் நான். எனக்கே தோன்றவில்லை. குளிரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டால், உலகத்தில் கஷ்டம் என்றாலே குளிர்தான் என்று மூளை நினைத்துக்கொள்கிறது. ஊரையே மறந்துவிட்டோம் என்பது நமக்குத் தெரிவதில்லை. ஊருக்கு உதவி செய்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

பெட்டிகள் கப்பலில் போய், சுங்கத்தில் கிடந்து, ஊர் போய்ச் சேர்ந்தபோது சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தார்கள். போட்டோ வந்தது. அக்கா ஒரு ஊதாக் கோட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்கிறாள். முகத்தில் வேர்வையைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தப் போட்டோவை எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதற்கு அப்புறம் வந்த குளிர்காலத்தில், ஊருக்குப் போய்த் திரும்பிய நண்பர் கையில் அக்கா ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பியிருந்தாள். பிரித்தால் போர்வை. ஒரு பக்கம் முழுக்க நாங்கள் அனுப்பிய கோட்டுகள். ஊதா, சிவப்பு, கறுப்பு என்று சதுரம் சதுரமாக வெட்டி, உள்ளே அதே கோட்டுகளின் பஞ்சை வைத்துத் தைத்திருந்தாள். ஒரு கோட்டின் பை, ஜிப்போடு அப்படியே இருந்தது. மறுபக்கம் வெளிறிப்போன ஒரு பழஞ்சேலை. போன் செய்தேன். "குளுருது குளுருதுன்னு சொல்றியே, போத்திக்க" என்றாள். அவ்வளவுதான். எனக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. உங்கள் குப்பையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லாமல் சொல்கிறாள் என்று நினைத்தேன். அப்படித்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். என் மனைவி சுமதிக்கு இந்த ரோஷமெல்லாம் கிடையாது. அதைப் போர்த்திக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து டீ குடிப்பாள். நான் அதைத் தொட மாட்டேன். பல குளிர்காலம் இப்படியே போயிற்று.

இந்த வருஷம் எங்கள் வீட்டு ஹீட்டர் படுத்துக்கொண்ட அன்று, டோரத்தி ஒரு சின்ன ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் சுமதி மேல் கிடந்த போர்வையைப் பார்த்ததும் ஹீட்டரைக் கீழே வைத்து மறந்துவிட்டார். போர்வையைச் சுமதி மேலிருந்து உரித்தே எடுத்துவிட்டார் என்று சொல்லலாம். இது சுவரில் இருக்க வேண்டியது, சுவரில் இருக்க வேண்டியது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்த சுமதி தமிழில், "அப்ப என்னையும் சேத்து மாட்டிருங்க" என்றாள். டோரத்தி அதை ஏதோ பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

எங்கள் பேட்டையின் சமூகக் கூடத்தில் வருஷா வருஷம் ஒரு நாள், புதிதாக நாட்டுக்குள் வருகிறவர்களுக்காகக் கோட்டு சேகரிப்பார்கள். டோரத்தியின் தையல் குழு அங்கே தங்கள் போர்வைகளைத் தொங்கவிடும். நம்முடையதையும் தொங்கவிட வேண்டும் என்றார். இது எப்படியோ எங்கள் சங்கத் தலைவர் சேகர் சார் காதுக்குப் போய்விட்டது. உடனே போன்.

"செல்வம், அருமையான சான்ஸுங்க. நம்ம அனுப்புன கோட்டு, கலையா மாறி நம்மகிட்டயே வந்திருக்கு. 'நன்றியுடன், வேதாரண்யம் மக்கள்'னு ஒரு அட்டை அடிச்சுடறேன்."

"நன்றின்னு அக்கா ஒண்ணும் சொல்லல சார்."

"அவங்களுக்குச் சொல்லத் தெரியாதுங்க. நாமதான் சொல்லணும்."

சரி சார் என்றேன். அந்தச் சரியை இப்போது நினைத்தாலும் என்னையே அறையத் தோன்றுகிறது.

போர்வையை மாட்டுவதில் ஒரு வேலை இருக்கிறது. ஆணி அடித்து மாட்டினால் அதன் பாரமெல்லாம் ஒரே இடத்தில் இழுத்துக் கிழிந்துவிடும். அதனால் பின்பக்கம், மேல் ஓரத்தில், ஒரு துணிக் குழாய் தைத்து அதற்குள் கம்பியை விடுகிறார்கள். ஸ்லீவ் என்பது அதற்குப் பெயர். நம் உள்பாவாடையில் நாடா கோர்க்க மேலே மடித்துத் தைத்திருக்குமே, அதே சங்கதிதான். நல்ல பருத்தித் துணியில், போர்வையின் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு பட்டை வெட்டி, இரண்டு முனையையும் மடித்துத் தைத்து, நீளவாக்கில் குழாயாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு அதன் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் போர்வையோடு கையால் தைக்க வேண்டும். ஊசி பின்துணியையும் உள்ளிருக்கும் பஞ்சையும் மட்டும்தான் பிடிக்க வேண்டும். முன்பக்கம் தலை நீட்டக்கூடாது. குழாயைச் சப்பையாக இழுத்தும் தைக்கக்கூடாது. கம்பி போகிற இடம் கொஞ்சம் தொப்பை போட்டுத் தளர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பி முன்பக்கத்தில் புடைத்துத் தெரியும். இதையெல்லாம் டோரத்தி செய்து காட்டினார். அவர் விரல்கள் முடங்கிப் போனவை, நீளமாகத் தைக்க முடியாது. சுமதியோ, "ஒங்க அக்கா போர்வை, நீங்களே தைங்க" என்று சொல்லிவிட்டாள்.

எனக்குத் தைக்கத் தெரியாது என்றில்லை. சின்ன வயதில் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தைத்திருக்கிறேன். கோணி ஊசி, சணல். மூட்டை வாய் தைப்பதில் ஒரே சட்டம்தான். இழு. எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழு. லாரியில் தூக்கி எறிந்தாலும் ஒரு நெல் சிந்தக்கூடாது. டோரத்தி கொடுத்த ஊசி என் மரத்துப்போன விரலில் நிற்கவே இல்லை. கடைக்குப் போய் மெத்தை தைக்கிற தடித்த ஊசி ஒன்று வாங்கி வந்தேன். சேலைப் பக்கத்தில் குழாயை வைத்து, குத்தி, இழுத்தேன். கை பழைய பாட்டுக்குப் போய்விட்டது. முடித்து விரித்துப் பார்த்தால் போர்வையின் மேல் ஓரம் மூட்டை வாய் மாதிரி சுருங்கிக் கிடந்தது. கோட்டுப் பக்கம் முழுக்க நூல் பல்லைக் காட்டியது. போதாததற்கு, தூக்குகிறவன் பிடிப்பதற்கு மூட்டையின் இரண்டு மூலையிலும் காது விடுவோமே, அப்படிக் காதும் விட்டிருந்தேன். இது எதற்கு என்று டோரத்தி கேட்டார். பிடித்துத் தூக்க என்றேன். யார் தூக்குவார்கள் என்றார்.

பிரித்துத் தைப்பதற்கு முன்னால் அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். அட்டை விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்குச் சாயந்தரம், அவளுக்குக் காலை. சம்பா அறுவடை முடிந்து ரோட்டில் நெல்லைக் காயப் போட்டுவிட்டு, கையில் கம்போடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒன் போர்வைய இங்க ஒரு எடத்துல மாட்டப் போறாங்க. எல்லாரும் பாக்குற மாதிரி."

"மாட்டவா? செத்தவங்க போட்டோ மாட்டுற எடத்துல என் போர்வைக்கு என்னடா வேல? நான் நல்லாத்தான் இருக்கேன்." சிரித்தாள். "எங்க, காட்டு."

நாற்காலி மேல் விரித்துக் காட்டினேன்.

"பொரட்டிப் போட்டிருக்க பாரு. கோட்டு அடிப்பக்கம்டா. சேலதான் நேர்ப்பக்கம்."

"நேர்ப்பக்கம்னா?"

"ஒடம்புல படுற பக்கம். அந்த நைலானு ஒடம்புல பட்டா சில்லுன்னு இருக்கும், அப்பறம் வேத்து ஊத்தும். அதான் சேலையப் போட்டேன். என்ன சேலன்னு தெரியலயா ஒனக்கு?"

தெரியவில்லை. உற்றுப் பார்த்தேன். சாம்பல் பூத்த மாதிரி ஒரு மஞ்சள். கரை இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும்.

"நீ சீர் குடுத்த சேலடா. வெளிநாடு போறதுக்கு முந்தி, பொங்கலுக்குக் கும்பகோணம் போயி எடுத்தாந்தியே, மாம்பழக் கலர்ல. புயலன்னைக்கு அதத்தான் கட்டியிருந்தேன். மத்ததெல்லாம் பொட்டியோட போச்சு. அதையே கட்டி, அதையே அலசி, ஈரத்தோட கட்டிக்கிட்டு நின்னேன். மாத்த ஒரு உள்பாவாட கெடையாது. தம்பி பொட்டி அனுப்புறான்னு சொன்னாங்களா, அதுல ரெண்டு உள்பாவாட வச்சிருப்பான்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன். வந்துச்சு பாரு கோட்டு!"

கடைசியாக என் கையால் கொடுத்த சீர் அது. அதற்குப் பிறகு பொங்கலுக்குப் பொங்கல் நான் போனில் ஒரு சேலைப் படத்தைத் தொட்டுப் பணம் கட்டுவேன், எவனோ ஒரு பையன் கொண்டுபோய் அவள் வாசலில் கொடுப்பான். அதனால்தான் அடையாளம் தெரியவில்லையோ என்னவோ. அந்தச் சேலை பல குளிர்காலம் என் வீட்டுச் சோபாவில் கிடந்திருக்கிறது.

"அப்ப கோவத்துலதான் தச்சு அனுப்புனியா?" என்றேன்.

"கோவம் இருந்துச்சு, இல்லங்கல. கோட்ட வெட்டையில ஒன்னத் திட்டிக்கிட்டேதான் வெட்டுனேன். அப்பறம் நீ ஒருநா போன்ல பல்லு நடுங்கப் பேசுன. சேலைய எடுத்து வச்சுத் தச்சுட்டேன். பொறந்த வீட்டுச் சீர்ல கத்திரி வைக்காதடின்னு எங்க மாமியா கத்துச்சு. நான் எங்க வெட்டுனேன்? முழுச் சேலைய மடிச்சு வச்சுல்ல தச்சேன்."

தடித்த ஊசி போர்வையின் ஓரத்தில் குத்தியபடியே இருந்தது. காமிராவில் படாமல் கையால் மறைத்துக்கொண்டேன். பேச்சை மாற்ற, அட்டையைப் பற்றிச் சொன்னேன்.

"நன்றின்னு எழுதப் போறாங்களாம்."

"யாரு யாருக்கு?"

"நீங்க எங்களுக்கு."

"எங்களுக்குன்னா? அதுல நீயும் சேத்தியா?" அவள் குரல் மாறிவிட்டது. "இந்தா பாரு தம்பி. மாட்டுனா சேல தெரியிற மாதிரி மாட்டு. என் பேர எழுது. நன்றி கின்றின்னு எழுதுன, அந்தக் கம்பியிலேந்து உருவி எடுத்து நெல்லு மூட்ட மேல போத்த அனுப்பிரு, எனக்கு ஒதவும். டேய், மாடு வாய வைக்குது, வைக்கிறேன்."

மறுநாள் டோரத்தி வீட்டில் உட்கார்ந்து என் தையலைப் பிரித்தேன். நைந்த பருத்தி. நூலை இழுக்க இழுக்க, ஊசி போன இடமெல்லாம் வாயைத் திறந்தது. இரண்டு இடத்தில் கிழிந்தே போயிற்று. அக்கா கத்திரி வைக்காமல் காப்பாற்றிய சேலையில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வரிசையாக ஓட்டை. டோரத்தி நீராவி இஸ்திரி வைத்து ஒற்றிப் பார்த்தார். சின்ன ஓட்டைகள் சில மூடிக்கொண்டன. மற்றவை மூடவில்லை. சேலைப் பக்கத்தை வெளியே காட்டப் போகிறேன் என்றதும், அது பின்பக்கம், அதில் பார்க்க ஒன்றுமில்லையே என்றார். உடம்பில் படுகிற பக்கம் அதுதான் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். இதைக் கட்டிக்கொண்டுதான் என் அக்கா புயலில் நின்றாள் என்றும் சொன்னேன். அந்த அம்மாள் இஸ்திரியை நிறுத்தி வைத்துவிட்டுச் சேலையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். கை படக்கூடாது என்று ஓடிவருகிறவர்.

குழாயைக் கோட்டுப் பக்கத்தில் மறுபடி தைத்தேன். நைலானில் ஒரு தடவை விழுந்த ஓட்டை எந்த இஸ்திரிக்கும் மூடாது, பார்த்துத் தை என்று டோரத்தி பக்கத்திலேயே இருந்தார். இந்தத் தடவை அவருடைய சின்ன ஊசிதான். விரலை வெந்நீரில் வைத்து வைத்துத் தைத்தேன். இழுக்காதே, இழுக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தைத்தேன். நல்லாத்தான் வந்தது. நல்லா வந்ததைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. எங்கள் கோட்டுக்கு இவ்வளவு பதமாகத் தைக்க வருகிறது. அவள் சேலைக்கு வரவில்லை.

கூடத்தில் சுவரோரம் இடம் போதாமல், எங்கள் போர்வையை இரண்டு கால் நட்டு நடுவில் தொங்கவிட்டார்கள். சேலைப் பக்கத்தை வாசலைப் பார்க்க வைத்தேன். அட்டையில் அஞ்சலை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, கீழே ஊர்ப் பெயர் போட்டேன். சேகர் சார் வந்தார். பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"என்னங்க செல்வம், திருப்பி மாட்டிட்டீங்க? கோட்டே தெரியலையே."

"இதுதான் சார் நேர்ப்பக்கம்."

"நான் குடுத்த அட்டை எங்க?"

"அவங்களுக்கு வேண்டியிருந்தது உள்பாவாடை சார். நாம அனுப்புனது கோட்டு. எதுக்கு நன்றி?"

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. டீ ஊற்றிக்கொண்டிருந்த நம் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சேகர் சார் கெட்டவர் இல்லை. அன்றைக்கு அந்தப் பெட்டிகளையெல்லாம் தன் வேனில் ஏற்றி இறக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டு கிடந்தவர். "அத்தன பேரும் மனசாரத்தான் குடுத்தாங்க செல்வம்" என்று மட்டும் சொன்னார். அதுவும் உண்மைதான். அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவருக்கு அந்த ஊரைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அக்காவுக்கு வீடியோ போட்டேன். வாசலிலிருந்து நடந்துகொண்டே காட்டினேன். தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். சேலையைக் கிட்டக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"மேல என்னடா வரிசையா ஓட்ட? எலி கடிச்சுதா?"

"நான்தான். முன்னாடி தப்பான பக்கத்துல தச்சுட்டேன். மூட்ட தைக்கிற மாதிரி இழுத்துட்டேன்."

போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "பொயல்ல கிழியாத சேல, கூடப் பொறந்தவன் கையில கிழிஞ்சுது பாரு!" என்று பக்கத்தில் யாரிடமோ சொல்லிச் சிரித்தாள். கேலிக்குத்தான் சொன்னாள். அவள் மனசில் வேறொன்றும் இருந்திருக்காது. எனக்குத்தான் போனைக் கீழே வைத்த பிறகும் அது காதைவிட்டுப் போகவில்லை. "கழட்டுனதும் போத்திக்க, சும்மா மடிச்சு வைக்காத" என்று அதற்குப் பிறகு அவள் சொன்னதற்குச் சரி என்றேனா என்பதுகூட நினைவில்லை.

கூட்டம் வந்துகொண்டே இருந்தது. இந்த ஊர்க்காரர்கள் சேலைப் பக்கம் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். ஊதாவையும் சிவப்பையும் பார்த்து, அந்த ஜிப்பை இழுத்துப் பார்த்து, அங்கேதான் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நம் பெண்கள் அந்தப் பக்கம் போகவில்லை. அவர்கள் வீட்டுக் கோட்டுகள் அதில் இருந்தன. இந்தப் பக்கமே நின்று, கரையை விரலால் தடவி, இது நம்ம ஊர்ச் சேலைதானே என்று கேட்டார்கள். போர்வைக்குக் காவலாக உட்காரச் சொல்லி டோரத்தி எனக்கு ஒரு நாற்காலி கொடுத்திருந்தார். முதலில் சேலைப் பக்கம் போட்டேன். அந்த ஓட்டைகளுக்கு எதிரே உட்கார முடியவில்லை. கோட்டுப் பக்கம் போட்டேன். அங்கேயும் முடியவில்லை. கடைசியில் நாற்காலியை இழுத்துப் போர்வையின் ஓரத்துக்கு நேராகப் போட்டுக்கொண்டேன். அங்கிருந்து பார்த்தால் சேலையும் தெரியாது, கோட்டும் தெரியாது. நடுவில் ஒரு விரற்கடை கனம் மட்டும் தெரியும். கூடம் மூடும் வரைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.